செங்கமலத்தின் ஓலைப்பெட்டி

மணலூர்க்கோட்டை ராஜா கனகரங்கனுக்குப் பதினான்கு பிள்ளைகள். எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும். அப்பேர்ப்பட்ட ஊரில்தான் மருத்துவச்சி செங்கமலம், ஆட்டுக்குடலைப் பதப்படுத்தி, ஆண்களுக்கு மெல்லிய உறை செய்து விற்றாள். கருத்தரிக்காமல் தடுக்கும் உறை.

முதலில் வாழைச்சருகில் மடித்து விற்றாள், ஒருத்தரும் சீண்டவில்லை. பிறகு சின்ன ஓலைப்பெட்டியில் வைத்தாள். சாதாரணப் பெட்டிக்குக் கிளிப் படம், உசத்திப் பெட்டிக்கு மயில் படம். மூடியில், "பெற்றது போதும் என்பவர்களுக்கு" என்று பளிச்சென்று எழுதினாள். சரக்கு பறந்தது. வாங்கியது யார் என்றுதான் தெரியாது. வந்தவர்கள் எல்லாரும் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்கள்.

பிரதானி ஆபத்சகாயம் சபையில் குதித்தார். "மகாராஜா! சந்தி சிரிக்கிறது! அவளை நாடு கடத்த வேண்டும்!"

சபையே ஆமாம் போட்டது.

"இன்றைக்கே எல்லை தாண்டட்டும்" என்றார் ராஜா.

விகடகவி மருதவாணனுக்குத் தன் மனைவி நினைவு வந்தது. நாலாவது பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். ஐந்தாவது என்றால் தாங்க மாட்டாள். செங்கமலத்தை விட்டால் அவனுக்கு நாதியில்லை. ஆனால் இந்தக் கும்பலிடம் கெஞ்சி என்ன பயன்?

"நல்ல தீர்ப்பு, மகாராஜா" என்றான். "ஒரே ஒரு சந்தேகம். இங்கே யாராவது அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்ததுண்டா?"

"சிவ சிவா!" பிரதானி காதைப் பொத்திக்கொண்டார். "அது வட்டமா சதுரமா என்றுகூடத் தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றார் ராஜா, கூரையைப் பார்த்தபடி.

"அப்பாடா! வயிற்றில் பால் வார்த்தீர்கள். போன வாரம் அவள் வீட்டில் எலி புகுந்துவிட்டதாம். விற்ற சரக்கில் பாதி ஓட்டையாம். எந்தப் பாதி என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். நமக்கென்ன, போகட்டும்!"

ராஜகுருவுக்கு வியர்த்துக் கொட்டியது. சேனாதிபதி விரல்விட்டு நாள் எண்ணினார்.

பிரதானியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "எந்தப் பாதி? கிளியா, மயிலா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. "தண்டனை ரத்து! செங்கமலத்துக்கு அரண்மனை வாசலிலேயே கடை! மருதவாணா, இந்தா முத்துமாலை, கிட்டே வா!"

மருதவாணன் குனிந்தான். மாலையைப் போட்டுக்கொண்டே ராஜா அவன் காதோரம் கேட்டார்: "மயில் பெட்டியில் ஓட்டை இல்லையே?"