சரத்தை அறுத்தா எத்தனை முத்து விழும்?

எல்லாரும் வந்தாச்சா? காலை நீட்டிப் படுங்க. ஒருத்தராவது உம் கொட்டணும், இல்லைன்னா கதை பாதியில நின்னு போகும், ஆமா.

ஒரு ஊர்ல, கடலைப் பார்த்த ஊர்ல, உலகம்மா உலகம்மான்னு ஒருத்தி இருந்தா. அவ அம்மா சாகும்போது அவளுக்கு ஒரே ஒரு முத்துச்சரத்தை விட்டுட்டுப் போனா. வெள்ளைவெளேர்னு இருக்குமான்னா, இருக்காது. பால்ல துளி சந்தனம் கலந்த மாதிரி நிறம். ஒண்ணு உருண்டை, ஒண்ணு நீளம், ஒண்ணு உங்க சித்தப்பன் மூக்கு மாதிரி கோணல். ஏய், சத்தமாச் சிரிக்காதீங்க, அவன் காதுல விழுந்துரும்.

உலகம்மா அந்தச் சரத்தை உசுரா வச்சிருந்தா. பூ வச்சு, பொட்டு வச்சு, சந்தனம் பூசி, எல்லாம் முடிச்சுக் கடைசியாத்தான் அதைப் போடுவா. வீட்டுக்கு வந்தா முதல்ல கழட்டுறதும் அதைத்தான். கழட்டி, ஈரத்துணியால துடைச்சு, பழைய சேலைத்துணியில மெத்துன்னு சுத்தி வைப்பா. "போட்டதும் ஜில்லுன்னு இருக்கு, அப்புறம் மெள்ளச் சூடாகுது. எங்கம்மா வந்து கழுத்தைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு"ம்பா.

அவளுக்கு ஒரு மதினி, அண்ணன் பெண்டாட்டி, பேரு வடிவாச்சி. அவ கண்ணு பூரா அந்தச் சரத்து மேலதான். கிணத்தடியில பார்த்தா ஒரு பெருமூச்சு, கோயில்ல பார்த்தா ஒரு பெருமூச்சு, கல்யாண வீட்டுல பார்த்து விட்டா பாரு ஒரு பெருமூச்சு, பந்தியில போட்ட இலையே பறந்து போச்சு!

ஒரு நாள் உலகம்மா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கப் போனா. எண்ணெயும் சீயக்காயும் முத்துக்கு ஆகாதுல்லா, அதனால சரத்தைத் துணியில சுத்தி மாடத்துல வச்சுட்டுப் போனா. போனாளா? வடிவாச்சி பூனை மாதிரி வந்தா. திருவிழாக் கடையில வாங்கின கண்ணாடி மணிச்சரத்தை அந்தத் துணியில சுத்தி வச்சா, முத்துச்சரத்தை இடுப்புல செருகினா, பூனை மாதிரியே போயிட்டா.

உலகம்மா குளிச்சுட்டு வந்து துணியைப் பிரிச்சா. "இதென்ன, எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி ஒரே உருண்டையா இருக்கு?" பல்லுல வச்சுத் தேய்ச்சுப் பார்த்தா. நல்ல முத்துன்னா பொடிமணலைக் கடிச்ச மாதிரி நறநறங்கும். இது வழுவழுன்னு வழுக்கிக்கிட்டுப் போச்சு. "ஐயோ அம்மா!"ன்னு தெருவுல ஓடினா. ஓடினா, ஓடினா, தெருமுனையில பார்த்தா வடிவாச்சி அந்தச் சரத்தைப் போட்டுக்கிட்டு ஜம்முன்னு உட்கார்ந்திருக்கா.

"மதினி! அது எங்கம்மா சரம்லா!"

"உங்கம்மா சரமா? நல்லா இருக்கே கதை! இது எங்கம்மா எனக்குக் கொடுத்தது, இத்தனை நாளும் பெட்டியில கிடந்துச்சு. உன் சரம்தான் உன் கையில இருக்கே?"

கேட்டு வைக்க அண்ணனும் ஊர்ல இல்லை, கடலுக்குப் போயிட்டான். அப்புறம் என்ன, எது யாரு சரம்னு சொல்லத் தெரியாம ஊரே திரண்டு ரெண்டு பேரையும் ராஜாகிட்ட கூட்டிக்கிட்டுப் போச்சு.

அந்த ராஜாவுக்கு வாயில ஒரே ஒரு பல்லு. அதுவும் ஆடும்.

"முதல்ல எது முத்து, எது கண்ணாடின்னு சொல்லுங்க"ன்னாரு ராஜா.

"பல்லுல தேய்ச்சுப் பாருங்க மகாராஜா"ன்னா உலகம்மா.

மந்திரி தேய்ச்சாரு. உலகம்மா கையில இருந்தது வழுவழு, வடிவாச்சி போட்டிருந்தது நறநற. அப்புறம் சேனாதிபதி தேய்ச்சாரு. இது வழுவழு, அது நறநற. அப்புறம் ராணி தேய்ச்சா. இது வழுவழு, அது நறநற. ராஜாவுக்கு ஆசை தாங்கலை. "எனக்குக் கொடுங்க, நானும் தேய்ப்பேன்!" ராணி, "வேண்டாம், பல்லு ஆடுது!"ன்னு கத்துறா. கேட்டாத்தானே? தேய்ச்சுப் பார்த்துட்டு, "ஆமா, நறநற!"ன்னு பச்சைப்பிள்ளை மாதிரி கையைத் தட்டினாரு.

வடிவாச்சி குதிச்சா. "பார்த்தீங்களா! என்னோடதுதான் முத்து! கண்ணாடியைக் காட்டி என் முத்தைப் பிடுங்கப் பார்க்கா!"

சபையே ஆமா ஆமான்னு தலையாட்டுச்சு. உலகம்மா சொன்ன சோதனையே அவளுக்கு எதிராத் திரும்பிருச்சே, பாவம்.

ராணி கேட்டா, "சரி, இதை எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?"

வடிவாச்சி முந்திக்கிட்டா. "புளியைக் கரைச்சு ஊறப்போட்டு, சாம்பலைத் தொட்டு, தேங்காய் நாரால பரபரன்னு தேய்ச்சா பளபளன்னு வந்துரும்!"

ராணி தன் கழுத்து முத்தை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டா.

"ஐயையோ, புளிப்பு பட்டா முத்தை அரிச்சுருமே! ஈரத்துணி போதும் தாயே"ன்னா உலகம்மா.

மந்திரி விடலை. "அதை யாரு சொல்லியும் தெரிஞ்சிருக்கலாம். சரம் உன்னதுங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

உலகம்மா கண்ணைத் துடைச்சா, நிமிர்ந்தா. "அப்போ சரத்தை ஒரு இடத்துல அறுங்க. எத்தனை முத்து விழும்னு மதினியைக் கேளுங்க."

வடிவாச்சி சிரிச்சா. "இது ஒரு கேள்வியா? அத்தனையும்தான் விழும்! அரண்மனை பூரா உருண்டு ஓடும்!"

"நீ என்ன சொல்றே?"ன்னு ராஜா உலகம்மாளைக் கேட்டாரு.

"ஒண்ணே ஒண்ணு விழும் மகாராஜா."

உடனே மந்திரி தரையில குனிஞ்சாரு, சேனாதிபதி மண்டி போட்டாரு, காவல்காரன் எல்லாம் வேட்டியை விரிச்சுப் பிடிச்சான். ராஜாவே சிம்மாசனத்தை விட்டு இறங்கித் தவழ்ந்து வந்துட்டாரு. ராணி கத்தரிக்கோலை எடுத்தா. கறுக்!

டிக். டொக்.

"ரெண்டு! ரெண்டு விழுந்துச்சு! அவ சொன்னதும் பொய்!"ன்னு வடிவாச்சி ஆடுறா.

சேனாதிபதி ஒண்ணைப் பொறுக்கினாரு, அது முத்து. இன்னொண்ணைப் பொறுக்கிப் பார்த்துட்டு நெளியுறாரு. "மகாராஜா... இது உங்க பல்லு."

யாரும் சிரிக்கலை. ராஜா பொக்கைவாயைத் திறந்து முதல்ல சிரிச்சாரு பாரு, அப்புறம் சபையே உருண்டுச்சு!

மிச்ச முத்து அத்தனையும் நூல்லயே அசையாம நிக்குது. உலகம்மா அதை ராஜா பக்கத்துல கொண்டுபோய்க் காட்டினா. "எங்கம்மா ஒவ்வொரு முத்துக்கும் நடுவுல ஒரு முடிச்சுப் போட்டுத்தான் கோர்ப்பா. நூல் எங்க அறுந்தாலும் ஒண்ணுதான் போகும். எள்ளுல பாதி இருக்கும் முடிச்சு, கோர்த்துப் பழகினவளுக்குத்தான் தெரியும்."

வடிவாச்சி தொப்புன்னு கால்ல விழுந்தா. "ஆசைப்பட்டுட்டேன் உலகு..."

ராஜா சொன்னாரு, பல்லு இல்லாம, "உனக்குப் புளின்னா பிரியம்லா? எங்க வீட்டு அண்டா, குண்டா, குத்துவிளக்கு, அத்தனை பித்தளையையும் புளி போட்டுத் தேய். உன் புருஷன் கரைக்கு வார வரைக்கும் தேய்!"

அந்த வருஷம் காத்து எதிர்க்காத்து. அவன் வர லேட்டாச்சு. அரண்மனைப் பாத்திரத்துல முகம் பார்த்துத் தலை சீவலாம்னு ஆயிருச்சு, அவ்வளவு பளபளப்பு!

அதனால பிள்ளைகளா, அடுத்தவ கழுத்துல கிடக்கிறதைத் திருடிப் போட்டுக்கலாம், ஆனா அதைக் கோர்த்த விதத்தைத் திருட முடியாது. கதை கரைக்கு வந்தாச்சு, படகைக் கட்டியாச்சு, இனி கண்ணை மூடுங்க.