முடிச்சு எங்கே போயிற்று?

கிணறுகள் நிறைந்த ஓர் ஊரில் ஒரு தீயணைப்பு நிலையம் இருந்தது. அதன் பின்பக்கத்துப் பயிற்சி மைதானத்தில், தகரக் கொட்டகைக்குள், மூன்று பேர் ஒன்றாகக் குடியிருந்தார்கள். முதலாவது, பழைய காக்கிச் சீருடைக்குள் மணலை அடைத்துத் தைத்த பொம்மை. நிலையத்து ஆட்கள் அதை மணல் மாமா என்று கூப்பிட்டார்கள். இரண்டாவது, மாமாவைச் சுற்றியிருந்த கயிறு. மூன்றாவது, அந்தக் கயிற்றில் இருந்த முடிச்சு.

அது சாதாரண முடிச்சு இல்லை. அதையே கேட்டாலும் அப்படித்தான் சொல்லும். நாற்காலி முடிச்சு என்று பெயர். அக்குளுக்கு ஒரு வளையம், முழங்காலுக்குப் பின்னால் ஒரு வளையம். கிணற்றில் விழுந்தவரை உட்கார்ந்த வாக்கில் தூக்குவதற்காகவே ஏற்பட்டது. மாற்றலாகிப் போன ஒருவர் அதைப் போட்டிருந்தார். சோதனைக்கு வந்த மாவட்ட அலுவலர் அதைத் தொட்டுப் பார்த்து, "முடிச்சுன்னா இது முடிச்சு" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருவரும் அதை அவிழ்க்கத் துணியவில்லை.

புதன்கிழமைதோறும் பயிற்சி நடக்கும். விசில் ஊதியதும் மாமாவைக் கட்டோடு தூக்கிப் போய்ப் பயிற்சிக் கிணற்றில் இறக்குவார்கள், மேலே இழுப்பார்கள். ஒன்றே முக்கால் நிமிடம். கைதட்டிவிட்டு, கட்டோடு கொண்டுவந்து கொட்டகையில் சாத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

மணல் மாமாவுக்கு வேலையில்லாத நேரம் நிறைய. அதனால் கேள்விகளும் நிறைய.

"முடிச்சே, உன்னை அவிழ்த்தால் நீ எங்கே போவாய்?" என்று ஒரு நாள் கேட்டது.

"என்ன கேள்வி இது?" என்றது முடிச்சு.

"தெரிந்துகொள்ளத்தான். வாளியைக் கவிழ்த்தால் தண்ணீர் தரையில் இருக்கும். விளக்கை அணைத்தால் புகை கொஞ்ச நேரமாவது இருக்கும். உன்னை அவிழ்த்தால்?"

முடிச்சும் இதை நினைத்து நினைத்துத்தான் அவ்வளவு இறுகிப் போயிருந்தது. "எங்கேயும் போகமாட்டேன். இல்லாமல் போய்விடுவேன்" என்றது. "அதனால்தான் சொல்கிறேன், என்னைத் தொடாதீர்கள்."

"எனக்கு ஒரே இடத்தில் வலிக்கிறது" என்று கயிறு முனகியது. அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்!

ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஓர் ஆடு விழுந்துவிட்டது என்று அழைப்பு வந்தது. ஆட்கள் மாமாவை வளையங்களிலிருந்து உருவிப் போட்டுவிட்டு, கயிற்றை முடிச்சோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வளையம் இரண்டும் மாமாவின் உடம்புக்கு அளவெடுத்தவை. ஆட்டுக்குத் தொளதொளவென்று இருந்தது. இழுத்தாலும் இறுகவில்லை, தட்டினாலும் தளரவில்லை. பாதி தூரம் வந்த ஆடு வளையத்துக்குள்ளேயே நழுவி, தொபீர் என்று தண்ணீரில் விழுந்தது. வேறு முடிச்சு போடலாம் என்றால், எப்படி என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஆவுடையப்பன் என்கிற தீயணைப்பு வீரர் ஏணி வழியாக இறங்கி, ஆட்டைச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிவந்தார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே நிலையத்துக்குத் திரும்பினார்கள்.

"ஆடு சரியில்லை" என்று முடிச்சு கொட்டகையில் வந்து சொன்னது.

சிரிக்காதவர் ஆவுடையப்பன் ஒருவர்தான். அவர் சட்டையைக்கூட மாற்றாமல், ஈரத்தோடு கொட்டகைக்கு வந்து, இரும்பு ஊசி ஒன்றை முடிச்சுக்குள் விட்டு நெம்ப ஆரம்பித்தார். நிலைய அலுவலர் குருபாதம் ஓடி வந்தார்.

"என்னவே செய்யுதீரு? வியாழக்கிழமை மாவட்ட அலுவலர் வாராரு. அவரு மெச்சுன முடிச்சுவே அது!"

"ஆடுங்கதால சிரிச்சிட்டு வந்துட்டோம் சார். நாளைக்கு ஒரு மனுசன் விழுந்தா? சாக்கைத் தேடிக்கிட்டா நிப்போம்?"

குருபாதம் கையை உதறினார். "உம்ம பாடு, அவரு பாடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முடிச்சு கெஞ்சியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசிப் புரிவரைக்கும் போராடியது. பிறகு ஒரே நொடியில் இல்லாமல் போயிற்று.

"முடிச்சே!" என்று கூப்பிட்டது மாமா. பதில் இல்லை. கயிற்றில் ஒரு நெளிவு மட்டும் இருந்தது. மாமாவுக்குத் துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் துக்கத்தைவிட, அது எங்கே போயிருக்கும் என்கிற அரிப்பு பெரிதாக இருந்தது. ஏணியிடம் கேட்டது.

"என் உச்சிக்கு ரோடு வரைக்கும் தெரியும். அந்தப் பக்கம் போகவில்லை" என்றது ஏணி.

சைரனிடம் கேட்டது. "என் காதில் விழுவதெல்லாம் என் சத்தம்தான். என்னைக் கேட்காதே" என்றது சைரன்.

அடுத்த நாளிலிருந்து மாமாவுக்குக் கெட்ட காலம். ஆவுடையப்பனும், சூசை என்கிற இன்னொரு வீரரும் சேர்ந்து காலை மாலை என்று பாராமல் முடிச்சுப் போடப் பழகினார்கள். தப்பான முடிச்சுகளாக வந்து விழுந்தன. மாமா ஒவ்வொன்றையும் ஆவலோடு விசாரித்தது.

"நீதானா அது?"

"எது? நான் இப்போதுதான் பிறந்தேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அது அவிழ்ந்து, மாமா தலைகுப்புற விழும்.

"அண்ணாச்சி, மாமா மறுபடியும் தலைகீழா வாராரு!" என்று கத்துவார் சூசை.

"வரட்டும். அவருக்கு வலிக்காது. இன்னொருக்கப் போடு."

பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு போட்டார்கள். கையைச் சேற்றில் முக்கிக்கொண்டு போட்டார்கள். மாமாவின் தோள் தையல் பிரிந்து மணல் கொட்டியது.

வியாழக்கிழமை மாவட்ட அலுவலர் வந்தார். விசில் ஊதியது. முடிச்சைப் போட்டு, வளையத்தை மாட்டி, அளவு பார்த்து இறுக்கி, மாமாவை மேலே கொண்டுவர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அதிலும் மாமா ஒரு பக்கமாகச் சாய்ந்து, குடித்தவன் மாதிரி வந்து சேர்ந்தது.

"போன வருசம் நல்லாத்தானய்யா செஞ்சீங்க?" என்றார் மாவட்ட அலுவலர். குருபாதத்தின் முகம் சுண்டிப் போயிற்று. ஆவுடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் மறுநாள் காலையிலும் கொட்டகைக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

ஒரு மாதம் கழித்து, உச்சி வெயிலில், சைரன் அலறியது. கயிறு வண்டியேறிப் போயிற்று. மாமா தனியாகக் கொட்டகையில் சாய்ந்து கிடந்தது. ஆடா, ஆளா என்றுகூட அதற்குத் தெரியாது. பிரிந்த தோளிலிருந்து மணல் சொட்டிக்கொண்டிருக்க, வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு கயிறு சொட்டச் சொட்ட நனைந்து வந்தது.

"ஆள்தான்" என்றது. "மோட்டார் பார்க்க இறங்கிய எலக்ட்ரீஷியன். தவசி என்று பெயர். கால் முறிந்து, குழாயைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி மேலே நின்று, 'அவரை எப்படியாவது தூக்கிருங்கய்யா' என்று அலறிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் என்னை எடுத்துக்கொண்டு இறங்கினார்."

"அவனும் என்னைப்போல் சும்மா இருந்தானா?"

"நீ வேறு! பயத்தில் அவர் கழுத்தைக் கட்டிப்பிடித்துவிட்டான். அவருக்கு மூச்சு முட்டுகிறது. தலையைத் திருப்ப முடியவில்லை. சேற்றுத் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. அவனுடைய முதுகுக்குப் பின்னால், தண்ணீருக்குள், இரண்டு கையாலும் என்னைத் தடவிக்கொண்டிருந்தார். எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன், மாமா. அப்போது அது வந்தது."

"எது?"

"நம் முடிச்சு! எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதே இறுக்கம், அதே திமிர். ஆனால் தவசியின் உடம்புக்கு அளவாக வந்திருந்தது. சூசையும் மற்றவர்களும் மேலே இழுக்க, அவன் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி வெளியே வந்தான். பெண்டாட்டி அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கே அழுகை வந்துவிட்டது."

"எங்கே இருந்ததாம் இத்தனை நாள்? கேட்டாயா?" மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"கேட்காமல் இருப்பேனா? 'அவிழ்த்த அன்று செத்தேன் என்றுதான் நினைத்தேன். இருந்தும் இல்லாமலும் எங்கேயோ கிடந்தேன். மாமா விழ விழ, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தேன்' என்றது."

மாமா தன் பிரிந்த தோளைப் பார்த்துக்கொண்டது. முதல் தடவையாக அது அழகாகத் தோன்றியது.

"சரி, முடிச்சைக் காட்டு. பார்த்து எத்தனை நாளாயிற்று!"

"தவசியை ஆம்புலன்சில் ஏற்றும்போதே அவிழ்த்துவிட்டார்கள். இந்தத் தடவை அது கெஞ்சவே இல்லை."

"அப்படியானால் இப்போது எங்கே?"

கயிறு மைதானத்துப் பக்கம் திரும்பியது. அங்கே பெஞ்சில் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். சேறு இன்னும் காயாத விரல்களால் ஒரு கிளாசைச் சுற்றிப் பிடித்திருந்தார்.

"அதோ" என்றது கயிறு, "டீ குடித்துக்கொண்டிருக்கிறது."