பகல் காவலும் செந்தட்டியும்

ஒரே ஒரு ஊர், நத்தக்குளம்னு பேரு. அந்த ஊருக்கு ஒரு ராஜா உண்டு, ராஜாவுக்கு ஒரு காவல்தலைவன் உண்டு, ஆனா வீட்டுல வச்ச பொருள் மட்டும் வச்ச இடத்துல இருக்காது.

காவல்தலைவன் பேரு அடைக்கலங்காத்தான். பேரைப் பாருங்க! ராத்திரியானா போதும், கொம்பு ஊதி, தப்பு அடிச்சு, தீவட்டி பிடிச்சு, இருந்த காவல்காரனை எல்லாம் தெருத்தெருவா நடத்துவான். சத்தத்தைக் கேட்டு ராஜா நிம்மதியாப் படுத்துக்குவாரு. விடிஞ்சா காவல்காரனெல்லாம் சாவடியில குறட்டை விடுவான்.

நடவுக்காலம் வந்துச்சு. வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் வயலுக்குப் போயிருவாங்க. சாவியை எங்க வைப்பாங்க? கூரை எறவாணத்துல, ஓலைக்குள்ள செருகி வைப்பாங்க. ஊரே அங்கதான் வைக்கும். கேட்டா, யாருக்குத் தெரியப்போகுதுன்னு சொல்லும்.

அப்புறம் என்ன, மேலத்தெருவுல வெண்கலப் பானை போச்சு. கீழத்தெருவுல வெள்ளிக் கொலுசு போச்சு. நடுத்தெருவுல கல்யாணப் பட்டு போச்சு. எல்லாம் பட்டப்பகல்ல.

நடவுக்கு ஆள் கூட்டிட்டுப் போற வெயிலாச்சிதான் இதை முதல்ல பிடிச்சா. நல்ல வாய்க்காரி அவ. அரண்மனைக்குப் போயி, “மகாராசா, திருட்டு பகலுக்கு மாறிப் பல நாளாச்சு, காவல்தான் இன்னும் மாறல. நாலு பேரைப் பகல்ல நிறுத்துங்க”ன்னு கேட்டா.

அடைக்கலங்காத்தான் சிரிச்சான். “பகல்ல வர்றவன் விருந்தாளி தாயி. நீ நாத்தைப் பாரு, ஊரை நான் பாத்துக்கிறேன்” அப்படின்னான். ராஜாவும் சிரிச்சாரு, சபையும் சிரிச்சுது. யார் யார் சிரிச்சாங்கன்னு வெயிலாச்சி ஒவ்வொரு மூஞ்சியா பாத்து வச்சுக்கிட்டா. கடைசிவரைக்கும் மறக்கலை. எதுக்கு மறக்கணும்?

சபை சிரிச்சாலும் ராஜாவுக்கு உறுத்தல். திருடன் எங்கேன்னு கேட்டாரு. பகல்ல தெருவுல நடமாடுறவன் ஒருத்தன்தான்னு சொல்லி, வளையல் விக்கிற சடையாண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தான் அடைக்கலங்காத்தான். சடையாண்டி யாரு? வெயிலாச்சி கூடப் பிறந்த தம்பி. நடவு முடியுற அன்னைக்கு அவன் வலது கையை வெட்டணும்னு தீர்ப்பாச்சு. கை போனா வளையல்காரன் எதை வச்சுப் பிழைப்பான்? அவன்கிட்ட வளையல் போட்ட பொம்பளைங்க வீட்டு ஆம்பளை ஒருத்தனாவது வாய் திறந்தானா? இல்லை.

வெயிலாச்சி அழலை. நடவுப் பொம்பளைங்களைக் கூப்பிட்டுச் சொன்னா, “சாவியை இடுப்புல செருகுங்க. எறவாணத்துல நான் குடுக்கிறதைச் செருகுங்க.” என்ன குடுத்தா தெரியுமா? வாய்க்கால் கரையில வளர்ற செந்தட்டி. தொட்டா நெருப்புப் பட்ட மாதிரி எரியும், அரிக்கும், கை வீங்கிப் போகும். வாழை மட்டையில இடுக்கிப் பறிச்சு, வீட்டுக்கு வீடு வச்சுட்டுக் கடைசி நாள் நடவுக்குப் போனாங்க.

சாயங்காலம் ஊரே அரண்மனை வாசல்ல கூடுச்சு. சடையாண்டியை மண்டி போட வச்சிருந்தாங்க. வெட்ட வேண்டியவன் காவல்தலைவன். அவன் வந்தான், ரெண்டு கையையும் மேல்துண்டுக்குள்ள சுருட்டிக்கிட்டு.

கையில என்னன்னு ராஜா கேட்டாரு. வேனல் கட்டின்னான். தொடையில கையைத் தேய்ச்சான். இப்ப என்னன்னு கேட்டாரு. கொசுக்கடின்னான். தூண்ல போயித் தேய்ச்சான். இப்ப என்னன்னு கேட்டாரு. தேனீ கொட்டிருச்சுன்னான்.

சரி, வேலையை முடின்னு சொன்னாரு ராஜா. அருவாளை எடுத்தான், விரல் மடங்கலை. கீழ விழுந்துச்சு. மறுபடி எடுத்தான், விழுந்துச்சு. மூணாந்தரம் அருவாளை விட்டுட்டு, ரெண்டு கையையும் மாத்தி மாத்திச் சொறிஞ்சான் பாருங்க, குரங்கு தோத்துச்சு!

வெயிலாச்சி முன்னால வந்தா. “எங்க எறவாணத்துல தேனீ இல்லையே அண்ணாச்சி. செந்தட்டில்ல வச்சிருந்தேன். முதல் வீட்டுல சாவி இல்லன்னதும் திரும்பியிருக்கலாம். அடுத்த வீடு, அதுக்கடுத்த வீடுன்னு போனா கை என்னத்துக்கு ஆகும்?”

ஒருத்தரும் சிரிக்கலை. ராஜா அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பினாரு. பானை வந்துச்சு, கொலுசு வந்துச்சு, பட்டு வந்துச்சு. ராத்திரி அவன் ஊதின கொம்பெல்லாம் பகல்ல காவல்காரனைத் தூங்க வைக்கத்தான்னு அப்பத்தான் ராஜாவுக்கு விளங்குச்சு.

ராஜா இறங்கி வந்து சடையாண்டி கட்டைத் தன் கையால அவிழ்த்தாரு. காவல் பொறுப்பை வெயிலாச்சிக்குக் குடுத்தாரு. அவ முதல் உத்தரவு என்ன தெரியுமா? அன்னைக்குச் சபையில சிரிச்சவங்க ஒருத்தர் விடாம உச்சிவெயில்ல தெருக்காவல். அடைக்கலங்காத்தானுக்கோ, வருஷா வருஷம் வாய்க்கால் கரைச் செந்தட்டி முழுக்கக் கையால பிடுங்குற வேலை. என்ன பொம்பளை அவ! அதுக்கப்புறம் நத்தக்குளத்துல ஒரு கரண்டிகூடக் காணாமப் போகலை.

திருட்டு வர்ற நேரத்துலதான் காவல் நிக்கணும், நாம நிம்மதியாத் தூங்கணும்ங்கிறதுக்காக ராத்திரி மட்டும் இல்லை. அவ்வளவுதான் கதை. பானை அடுப்புக்குப் போச்சு, கொலுசு காலுக்குப் போச்சு, சாவி இடுப்புக்குப் போச்சு, நீங்க பாய்க்குப் போங்க.