சிப்பாயும் நத்தை மருந்தும்

கூவைக்குளத்தில் அறிவாளிகளுக்குப் பஞ்சம் கிடையாது. பக்கத்து ஊர்க்காரர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், எல்லாம் வயிற்றெரிச்சல். அந்த அறிவாளிகளில் மூன்று பேரைச் சலித்தெடுத்துத்தான் கோயில் நந்தவனத்தை ஒப்படைத்திருந்தார்கள். தீத்தாரப்பன் தலைவர். குற்றாலம் அவருக்கு ஆலோசகர். ஆவுடையப்பனுக்குப் பதவி இல்லை. சிப்பாய் என்றொரு நாய் மட்டும் இருந்தது. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷன். சிப்பாய் சாப்பிட்ட பிறகுதான் தனக்குச் சோறு போட்டுக்கொள்வார்.

அந்த வருஷ மழைக்கு நத்தைகள் வந்து ரோஜாச் செடிகளை மொட்டையடித்தன. தீத்தாரப்பன் டவுனுக்குப் போய் நத்தை மருந்து ஒரு பை வாங்கினார். கடைக்காரர் நல்ல மனிதர். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் ஒரு எச்சரிக்கையும் சொல்லி அனுப்பினார்.

"அண்ணாச்சி, இது தவிட்டு வாசனை அடிக்கும். நாய் ஆசையா வந்து தின்னும், தின்னா செத்துப்போகும். நாயும் இந்த மருந்தும் ஒரு இடத்துல இருக்கவே கூடாது, பாத்துக்கிடுங்க."

தீத்தாரப்பன் அதை வழிநெடுக மனப்பாடம் செய்துகொண்டே வந்து, பையை நந்தவனத்துக் கொட்டகையில் வைத்தார். மறுநாள் காலையில் சிப்பாய் வாந்தி எடுத்து, கொட்டகை வாசலில் சுருண்டு கிடந்தது.

ஆவுடையப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால்நடை டாக்டர் எஸ்தருக்குப் போன் போட்டு, சிப்பாய் நத்தை மருந்தைத் தின்றுவிட்டது என்று அழுதார்.

"நாயைத் தூக்கிட்டு உடனே வாங்க" என்றார் டாக்டர். "அந்த மருந்துப் பையையும் கொண்டுவாங்க. என்ன விஷம்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பார்க்க முடியும்."

வேறு ஊர் என்றால் இரண்டையும் ஒரே ஆட்டோவில் தூக்கிப் போட்டிருப்பார்கள். கூவைக்குளத்தில் யோசிக்காமல் எதையும் செய்யும் பழக்கமில்லை.

"நாயும் மருந்தும் ஒரு எடத்துல இருக்கப்படாதுன்னு கடைக்காரர் சொல்லிருக்காரு" என்றார் தீத்தாரப்பன்.

"டாக்டரம்மா ரெண்டையும் கொண்டாரச் சொல்லுதாங்களே" என்றார் ஆவுடையப்பன், கண்ணைத் துடைத்தபடி.

"கொண்டாரணும் வே. ஆனா சேத்துக் கொண்டாரப்படாது" என்று குற்றாலம் தீர்ப்புச் சொன்னார்.

ஆக, மருந்து முதலில் போனது. தீத்தாரப்பன் மொபட்டில் பையோடு வந்து நின்றதும் டாக்டர், "நாய் எங்க அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம்மா. மருந்து இருக்க எடத்துல அதை அண்டவிட மாட்டோம்."

"நாயைக் கொண்டுவாங்க" என்று டாக்டர் கத்தினார். நாய் வரப்போகும் இடத்தில் மருந்து இருக்கலாமா? தீத்தாரப்பன் பையை எடுத்துக்கொண்டு பறந்தார்.

இன்னொரு பாதையில் மற்ற இருவரும் நாயோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். டாக்டர் அதன் வயிற்றில் கை வைக்கப் போகும்போது, "பை வந்துருமில்ல?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. பை வருகிறது என்றதும் குற்றாலம் நாயை அள்ளிக்கொண்டு ஓடினார். ஆவுடையப்பன் அழுதுகொண்டே பின்னால் ஓடினார்.

கடைசியில் டாக்டரே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு துரத்தினார். ஊர் வாய்க்காலில் அவர்களைப் பிடித்தார். இந்தக் கரையில் பையோடு தீத்தாரப்பன். அந்தக் கரையில் நாயோடு மற்ற இருவர். இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று தீத்தாரப்பன் விளக்கினார். டாக்டர் பையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னும் பிரிக்கவே இல்லையே, அண்ணாச்சி."

"பிரிச்சா நாய் தின்னுருமேம்மா."

டாக்டர் பையைத் தீத்தாரப்பன் கையிலேயே திணித்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனார். சிப்பாயின் வயிறு கும்மென்று உப்பியிருந்தது.

"நேத்து இதுக்கு என்ன குடுத்தீங்க?"

"கோயில் சக்கரைப் பொங்கல்மா" என்றார் ஆவுடையப்பன். "ஒரு போணி நெறைய, அவ்வளவுதான்."

டாக்டர் ஓர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் சிப்பாய் எழுந்து வாலை ஆட்டியது. ஆவுடையப்பன் அதைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவரைப் பார்த்தால் சிரிப்பு வராது.

"இனிமே இந்தப் பைகிட்ட எந்த நாயும் வராம நல்ல காவல் போடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். பாவம், யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குப் பட்டும் தெரியவில்லை.

"நாயை வெரட்ட நம்ம ஊர்ல யாரு இருக்கா?" என்றார் தீத்தாரப்பன்.

"சிப்பாயை விட்டா யாரு வே? வேற நாய் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்குமா?" என்றார் குற்றாலம்.

"ஒரே எடத்துல இருக்கப்படாதே" என்று ஆவுடையப்பன் நடுங்கினார்.

அதற்கும் குற்றாலம் வழி கண்டுபிடித்தார். பையை இரும்பு டிரம்முக்குள் போட்டு மூடி, மூடியின் மேல் சிப்பாயை உட்கார வைத்தார்கள். உள்ளே ஓர் இடம், மேலே ஓர் இடம்.

சாயங்காலம் மழை தூறியது. தவிட்டு வாசனை பிடித்து ரோஜாச் செடிகளை விட்டு நத்தைகள் இறங்கி, வரிசையாக டிரம்மில் ஏறத் தொடங்கின. சிப்பாய் குரைத்தது. மூன்று பேரும் ஓடி வந்தார்கள். காலையில் நாயைப் பறிகொடுக்க இருந்த ஆவுடையப்பனுக்கு மனசு பதறிவிட்டது.

"ஐயோ, இதுவும் வாயில்லா ஜீவன்தானே. உள்ள இருக்கதைத் தின்னா செத்துல்லா போகும்?"

உடனே கூடையை எடுத்தார்கள். டிரம்மில் ஏறிய நத்தைகளை ஒவ்வொன்றாக வலிக்காமல் எடுத்துக் கொண்டுபோய், மறுபடியும் ரோஜாச் செடிகளிலேயே பத்திரமாக விட்டார்கள். அங்கேதான் மருந்து கிடையாதே.