ஏழு மருத மரங்களுக்கு வந்த வைத்தியர்

ஆற்றங்கரைக் காட்டில் ஓர் அணில் இருந்தது. ஐப்பசிப் புயலில் அங்கிருந்த பெரிய மரமெல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டது. மிச்சம் நின்றது ஏழே ஏழு இளம் மருத மரங்கள். அதில் ஒன்றில்தான் அணில் கூடு கட்டி, தன் இரண்டு குட்டிகளை வைத்திருந்தது. மேலே ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டே இருக்கும். இலை மறைவு இருக்கிறவரைக்கும் அதன் கண்ணில் குட்டிகள் படாது. இலை போய்விட்டால்?

ஒருநாள் பார்த்தால், ஒரு மரத்தின் அடி இலைகளில் பழுப்புப் புள்ளிகள்! ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் வளையம் வேறு.

"ஐயோ, நான் என்ன பண்ணுவேன்!" என்று ஓடிப்போய்க் கருங்குரங்கு வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

வைத்தியர் லேசுப்பட்ட ஆளில்லை. கைராசிக்காரர் என்று காடே பேசும். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது அவரேதான் என்பது வேறு விஷயம்!

"பயப்படாதேம்மா! இது வெறும் அழுக்கு. பனி ஈரம் காயறதுக்குள்ள துடைச்சா வந்துடும்," என்றார் அவர்.

அன்றிலிருந்து விடிந்ததும் வந்துவிடுவார். நோய் கண்ட மரத்தின் ஈர இலைகளைத் தன் நீள வாலால் துடைப்பார். முன்ஜாக்கிரதையாம்! அதே வாலால் அடுத்தடுத்த மரங்களையும் துடைப்பார்.

பத்தே நாளில் ஆறு மரங்களிலும் புள்ளி. இலைகள் உதிர ஆரம்பித்தன. ஏழாவது மரம் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அதில் முசுறு எறும்புகள் இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருந்தன. ஒரு தடவை வைத்தியர் கை வைத்ததற்கே சதையைப் பிய்த்துவிட்டன. அப்புறம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

அணிலின் மரத்தில் ஒரு நத்தை இருந்தது. அது மெதுவாகக் கேட்டது: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. வைத்தியர் துடைச்ச ஆறு மரத்திலயும் புள்ளி. துடைக்காத மரத்துல மட்டும் இல்ல. ஏன்னு யோசிச்சீங்களா?"

"என்ன சொல்ல வர்றே?"

"இது அழுக்கில்லக்கா, ஒட்டுவாரொட்டி நோய்! ஈர வாலால நோயைத் தூக்கிட்டுப் போறதே அவருதான். ஈரத்துல யாரும் இலையைத் தொட வேணாம். கீழ உதிர்ந்த புள்ளி இலையெல்லாம் தூரமா அள்ளிப் போட்டுடுங்க. வெயில் படட்டும். அடுத்த துளிர் சுத்தமா வரும்."

அணிலுக்குத் திக்கென்றது. ஆனால் அது செய்த காரியத்தைப் பாருங்கள்! நேரே வைத்தியரிடமே போய் இதைக் கேட்டுவிட்டது.

வைத்தியர் விழுந்து விழுந்து சிரித்தார். "யாரு, நத்தையா சொன்னது? இலை மேல எச்சில் ஒழுக ஊர்றது யாரு? இலையைத் திங்கிறது யாரு? தான் தப்பிக்கப் பழியை என் மேல போடுது! நீயும் நம்பிட்டியே!"

அணில் திரும்பி வந்து பார்த்தது. இலை மேல் நத்தையின் ஈரத் தடம் மின்னியது. அது போதாதா! நத்தையைக் கவ்வி எடுத்துச் சுடுபாறையில் வீசியது.

"அக்கா, நான் சொல்றதை..." என்றது நத்தை. அணில் நின்று கேட்கவில்லை. உச்சி வெயிலில் நத்தை வெந்து செத்தது. பாவம், அது ஒருநாளும் இலையைத் தின்றதில்லை. அது தின்றதெல்லாம் மரப்பட்டையில் படிந்த பாசிதான்.

நத்தை போன பிறகும் இலை உதிர்வது நிற்கவில்லை. ஆறு மரங்களும் மொட்டையாகிவிட்டன. அணில் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஏழாவது மரத்துக்கு ஓடியது. எறும்புகள் உள்ளே விடவில்லை.

"இதுக்கும் இப்பவே வைத்தியம் பண்ணலேன்னா இதுவும் போயிடும்! எறும்பை மட்டும் விரட்டிக் குடு, மத்ததை நான் பார்த்துக்கறேன்," என்றார் வைத்தியர்.

எறும்புக் கூடு தொங்கிய கிளைகளை அணில் ஒவ்வொன்றாகக் கடித்துத் துண்டாக்கியது. வாயெல்லாம் ரத்தம். கண் வீங்கி மூடிக்கொண்டது. கடைசிக் கூடும் ஆற்றில் விழுந்து மிதந்து போயிற்று.

"இனிமே வாங்க ஐயா!" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டது.

வந்தார். பொறுமையாக, ஓர் இலை விடாமல் துடைத்தார். நான்காம் நாள் புள்ளி வந்தது. கொஞ்ச நாளில் அந்த மரமும் எலும்பாய் நின்றது. அணில் குட்டிகள் மேல் படுத்துத் தன் உடம்பாலேயே மறைத்துப் பார்த்தது. பருந்து அதைத் தட்டிவிட்டு ஒரு குட்டியைத் தூக்கியது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து இன்னொன்றையும் தூக்கியது.

அலறிக்கொண்டு அணில் வைத்தியரிடம் ஓடியது. அவர் எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அக்கரையில புங்க மரத்துக்கெல்லாம் புள்ளியாம்! அவசரமாக் கூப்பிட்டிருக்காங்க," என்று வாலைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நோய் எங்கிருந்து வந்தது என்று தேடும்போது வைத்தியம் பார்க்கிற கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்க்கச் சொன்னவனையே கொன்றுவிட்டால் அப்புறம் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள்.