சாயாமல் தொங்கிய விமானம்

சுரைக்காய்ப்பட்டியில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் செலவழிக்காததால் அத்தனையும் அப்படியே மிச்சமிருந்தது.

அந்த ஊர் வீரணனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் பெண் முடிவானது. பெண் பேர் அங்கம்மா. "முகூர்த்தத்துக்கு எங்க பையன் பறந்து வந்துருவான்" என்று மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுவிட்டார்கள். சொன்ன சொல் தவறலாமா? ஊரே கூடி மூங்கிலும் தகரமும் வைத்து ஒரு விமானம் செய்து, தண்ணீர் இறைக்கிற இஞ்சினை அதில் மாட்டியது.

புளி மண்டியில் தராசு பிடிக்கிற சொக்கப்பனை எடை இஞ்சினியராகப் போட்டார்கள். அவருக்குத் துணை மந்தையனும் ஒச்சுவும்.

சொக்கப்பன் பட்டணத்துக்குப் போன் போட்டு, விமானம் கட்டுகிற இடத்தில் எடை பார்க்கும் இஞ்சினியரம்மாவிடம் யோசனை கேட்டார். அந்தம்மா பொறுமையாகச் சொன்னார்: "முதல்ல எடையைக் குறைங்க. வேண்டாததைக் கழட்டுங்க. அப்புறம் ஆள் ஏத்தி, கயித்துல தொங்கவிட்டுப் பாருங்க. எந்தப் பக்கமும் சாயாம நிக்கணும். நின்னுட்டா, ஒரு துரும்பைக்கூட மாத்தாதீங்க."

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"இருக்கறதுலயே கனம் எது?" என்றார் சொக்கப்பன்.

"இஞ்சின்தாண்ணே" என்றான் ஒச்சு.

"கல்யாணம் வீரணனுக்கா, இஞ்சினுக்கா?"

மந்தையன் வெகுநேரம் யோசித்து, "வீரணனுக்கு" என்றான். இஞ்சினைக் கழற்றிவிட்டார்கள்.

முகூர்த்த நாள் காலையில் விமானத்தைப் புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டு, பட்டுவேட்டியோடு வீரணனை முன்னால் உட்கார வைத்தார்கள். மூக்கு கவிழ்ந்தது. வாலில் ஒச்சு ஏறினான். அவன் சாப்பாட்டு ஆள், வால் இறங்கிவிட்டது. மூக்கில் மந்தையன் ஏறினான். மறுபடி மூக்கு கவிழ்ந்தது. கொஞ்சம் பின்னால் தள்ளிச் சொக்கப்பனே ஏறி உட்கார்ந்தார். விமானம் ஆடாமல் அசையாமல் நின்றது.

"நின்னுருச்சு. இனிமே யாரும் அசையப்படாது" என்றார் சொக்கப்பன்.

"அண்ணே, நேரமாகுது. எப்பப் பறக்கும்?" என்றான் வீரணன்.

"தரையில கால் படுதா?"

"இல்லண்ணே."

"அப்பப் பறந்துக்கிட்டுத்தாண்டா இருக்கோம். பேசாம வா."

ஒச்சுவின் மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவன் கையைத் தூக்கப் போனான். "விரட்டாதடா" என்றான் மந்தையன், "இப்ப அதையும் சேத்துத்தான் நிக்குது."

காத்துக் காத்துப் பார்த்த பெண் வீட்டார், பெண்ணையும் மேளத்தையும் கூட்டிக்கொண்டு பரிசலேறி இக்கரைக்கே வந்துவிட்டார்கள்.

அங்கம்மாவின் அப்பா அண்ணாந்து பார்த்தார். "என்ன மாப்ளே, மரத்துல காய்ச்சுத் தொங்குறீங்க? காலையிலருந்து பரிசல் போய்ட்டு வந்துக்கிட்டுதானே இருக்கு?"

"பரிசல்ல எடை இஞ்சினியர் இல்லையே மாமா."

"முகூர்த்தம் முடியப் போகுது. இறங்குங்க."

"இறங்குனா சாஞ்சுரும் மாமா."

மாமனார் அரிவாளை எடுத்துக் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினார். விமானம் தொப்பென்று விழுந்து அப்பளமாய் நொறுங்கியது. தகரத்துக்கடியிலிருந்து சொக்கப்பன் தலையை நீட்டினார். "கவனிச்சீங்களா? மூக்கும் வாலும் ஒண்ணாத்தான் விழுந்துச்சு."

இனி நேரமில்லை, தாலியை அங்கேயே கட்டிவிடலாம் என்று அங்கம்மா அந்த நொறுங்கிய தகரத்திலேயே ஏறி வீரணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சொக்கப்பன் கையைக் காட்டி மேளத்தை நிறுத்தினார். "எடை கூடிருச்சு. ஒரு ஆள் இறங்கணும்."

மூவரும் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். பெண்ணை இறக்கினால் கல்யாணம் நின்றுபோகும். இஞ்சினியர் இறங்கினால் எடை பார்க்க ஆளில்லை. மந்தையன் இல்லாமல் மூக்கு நிற்காது, ஒச்சு இல்லாமல் வால் நிற்காது.

அப்புறமென்ன, மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, கெட்டிமேளம் கொட்டச் சொன்னார்கள்.