காராத்தா இடித்த மணல்கரை

ஆனைக்கல் காட்டில் இருந்தது ஒரே ஒரு குளம். மானும் முயலும் மயிலும் குடிப்பது அதில்தான். காராத்தா என்ற எருமை காலையில் இறங்கிச் சாயங்காலம் ஏறுவதும் அதில்தான். குளத்துக்குள் படுத்துவிட்டால் அவளுக்கு உலகமே மறந்துபோகும். கொம்பும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும். சுகத்தில் அவள் விடும் பெருமூச்சு காடு முழுக்கக் கேட்கும்.

அந்தக் கோடையில் குளம் வற்றிச் சுருங்கியது. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. அதைக் குடித்த குட்டிகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. காராத்தாவின் ஒரே கன்று குண்டுமணியும் தப்பவில்லை. கொழுகொழுவென்று துள்ளித் திரிந்த பிள்ளை எலும்பும் தோலுமாகப் புங்கமரத்தடியில் சுருண்டு கிடந்தது. புல் காய்ந்துபோனதில் காராத்தாவின் மடியும் வற்றிவிட்டது. தாகம் தாங்காமல் கன்று தட்டுத்தடுமாறிக் குளத்துக்குப் போகும். குடித்துவிட்டு வந்தால் மறுபடியும் போக்குதான்.

மற்ற விலங்குகள் எல்லாம் அவளைத்தான் முறைத்தன. நாள் முழுக்க நீ உழப்பினால் தண்ணீர் எப்படித் தெளியும் என்று முயல் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டது. காராத்தாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மானின் குளம்பு, மயிலின் எச்சம் என்று ஒருவரையும் விடாமல் இழுத்தாள். ஆனால் கன்றின் ஒட்டிய வயிறு கண்ணில் பட்டதும் சண்டையை விட்டுவிட்டு அதை நக்கிக் கொடுக்கப் போனாள்.

அப்போது முன்னால் வந்தான் மொட்டைவால் என்ற காட்டுப்பன்றி. அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு மட்டும் வெள்ளை. அவன் பிறந்தது ஒரு காட்டாற்றங்கரையில். கோடை வந்தால் அங்கே மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் குடிப்பார்களாம். குளத்தின் வடகரையில் நல்ல மணல் இருந்தது. நீரை ஒட்டித் தோண்டாமல், கொஞ்சம் தள்ளித் தோண்டச் சொன்னான். ஏன் தள்ளி என்று முயல் கேட்டதற்கு, எங்கள் ஊரில் அப்படித்தான், தொணதொணக்காதே என்று வாயை அடைத்துவிட்டான்.

எல்லோரும் சேர்ந்து தோண்டினார்கள். காராத்தா கொம்பால் மணலை வாரித் தள்ளினாள். குழியின் அடியில் தண்ணீர் கசிந்தது. கலங்கல் தெளியும்வரை ஒருவரும் வாய் வைக்கக் கூடாது என்று மொட்டைவால் காவல் நின்றான். விடிந்து பார்த்தால் குழியின் அடிமணல் பளிச்சென்று தெரிந்தது. குழிக்குள் யாரும் கால் வைப்பதில்லை, குட்டிகளுக்குத்தான் முதல் தண்ணீர் என்று பேசி முடிவு செய்தார்கள்.

குண்டுமணி அந்தத் தண்ணீரைக் குடிக்கக் குடிக்கப் போக்கு நின்றது. ஒருநாள் காலையில் தானாக எழுந்து வந்து அம்மாவின் வயிற்றில் ஒரு முட்டு முட்டியது. காராத்தா அழுதேவிட்டாள்.

ஒரே ஒரு குறை. தண்ணீர் மெல்ல மெல்லத்தான் ஊறும். ஒரு குட்டி குடித்தால் அடுத்தது காத்துக் கிடக்க வேண்டும். ஒரு மத்தியானம் குண்டுமணி நாக்கு வறள வரிசையில் நின்றது. காராத்தாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குழிக்கும் குளத்துக்கும் நடுவில் இருப்பது இந்த மணல்தானே, இடித்துவிட்டால் தண்ணீர் கடகடவென்று வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆகுமே என்று நினைத்தாள். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது! கொம்பைக் கொடுத்து மணலைப் பிளந்தாள்.

தண்ணீர் வந்தது. அதே டீத்தண்ணீர். கண்மூடித் திறப்பதற்குள் குழி முழுக்கச் சேறு. பாவம், குண்டுமணிக்கு என்ன தெரியும்? ஆசையாகக் கழுத்தை நீட்டியது.

"குடிக்காதே கண்ணு!"

காராத்தா ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தாள். அவள் போட்ட சத்தத்தில் காடே கூடிவிட்டது.

"என்னக்கா, இப்படிப் பண்ணிட்டே?" என்றான் மொட்டைவால்.

"இந்த மணல் தண்ணியத் தடுக்குதுன்னு நெனச்சேன் தம்பி. அது அழுக்கத்தான் தடுத்துக்கிட்டு இருந்திருக்கு."

மொட்டைவால் இடிந்த மணலை மூக்கால் கிளறிப் பார்த்தான். தள்ளித் தோண்ட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கும் தெரியும், காரணம் இன்றைக்குத்தான் புரிந்தது என்று ஒத்துக்கொண்டான். அன்றைக்கு யாரும் காராத்தாவைத் திட்டவில்லை. அவளை முகத்துக்கு நேரே கேட்ட முயல்தான் முதலில் மணலைப் பறிக்க வந்தது. பிளந்த கரையை அடைத்தார்கள். தண்ணீர் போதவில்லை என்றால் குழியைக் கூட்டுவோம், மணலைக் குறைக்க வேண்டாம் என்றாள் காராத்தா. கரையோரமாகத் தள்ளித் தள்ளிப் புதுக் குழிகள் தோண்டினார்கள். குட்டிகள் தாகத்தோடு முனகிக்கொண்டே காத்திருந்தன. அந்த முனகல் காராத்தாவை முள்ளாகக் குத்தியது. தண்ணீர் தெளிந்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

அதன்பிறகு வடகரைப் பக்கம் அவள் படுப்பதே இல்லை. தெற்கு மூலையில் ஒரு சேற்றுப் பள்ளம் போதும் என்று ஒதுங்கிக்கொண்டாள். தினமும் ஒரு நடை வந்து மணல்கரை சரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவாள்.

"ஏம்மா தண்ணி இவ்வளவு மெதுவா வருது?" என்று ஒருநாள் குண்டுமணி கேட்டது.

"வரட்டும் கண்ணு. அது குளிச்சுட்டு வருது" என்றாள் காராத்தா.

பிள்ளைப் பாசத்தில் செய்வதே ஆனாலும், நடுவில் நிற்பது எதற்காக நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை இடிக்கக் கூடாது.